கப்பலில் கீடங்க், கரையில் போகி பெய்ட்: படைக்குப் படை மாறும் தின்பண்டப் பெயர்கள்

பள்ளியில் தமிழ் இலக்கணம் படிக்கும்போது குழூஉக்குறி என்று ஒன்று வரும். பொற்கொல்லர் பொன்னைப் 'பறி' என்பார்கள், யானைப்பாகர் ஆடையைக் 'காரை' என்பார்கள் என்று உதாரணம் போட்டிருக்கும். ஒரு தொழிலில் இருப்பவர்கள் தங்களுக்குள் மட்டும் புழங்கிக்கொள்ளும் சொல். வெளியாளுக்கு அது புரியாது. புரிந்துவிட்டால் அவரும் பாதி உள்ளாள்தான். இந்த இலக்கணம் உயிரோடு நடமாடுவதைப் பார்க்க ராணுவத்தைப் போல ஒரு இடம் கிடையாது. அமெரிக்கப் படைகளை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரே சாக்லேட்டுக்கும் சிப்ஸுக்கும் படைக்குப் படை வேறு பெயர். ஒருவர் தின்பண்டத்தை என்ன பெயர் சொல்லிக் கேட்கிறார் என்பதை வைத்தே அவர் எங்கே வேலை பார்த்தவர் என்று கண்டுபிடித்துவிடலாம்.

அந்தப் பெயர்கள் எப்படி வந்தன, அவற்றுக்கும் படைகள் ஒன்றையொன்று சீண்டிக்கொள்வதற்கும் என்ன தொடர்பு என்பதுதான் இந்தக் கட்டுரை. ராணுவம் பற்றி எதுவும் தெரியாமலேயே படிக்கலாம்.

முதலில் ஆட்களை அறிமுகப்படுத்திவிடுகிறேன். தரைப்படை, கடற்படை, விமானப்படை மூன்றும் நமக்குத் தெரிந்தவைதான். நான்காவதாக மரைன் படை என்று ஒன்று உண்டு. கப்பலில் போய்க் கரையில் இறங்கிச் சண்டை போடுவது அவர்கள் வேலை. தனித் தளபதி, தனிச் சீருடை, தனிப் பெருமை எல்லாம் அவர்களுக்கு இருக்கிறது. ஆனால் நிர்வாகத்தில் கடற்படைத் துறைக்குக் கீழேதான் வருகிறார்கள். அவர்களைச் சுமந்து போவது கடற்படைக் கப்பல். காயம்பட்டால் கட்டுப் போடுவதும் கடற்படையின் மருத்துவப் பணியாளர்தான். ஒரே கூரையின் கீழ் வாழும் பங்காளிகள் என்று வைத்துக்கொள்ளலாம். அதனால்தான் இவர்கள் இருவருக்கும் இடையில்தான் சீண்டலும் அதிகம், சொற்களின் போக்குவரத்தும் அதிகம்.

சரி, தீனிக்கு வருவோம்.

படையில் சாப்பாடு என்பது அரசாங்கம் போடுவது. மணியடித்தால் தட்டை எடுத்துக்கொண்டு போய் வரிசையில் நிற்க வேண்டும். என்ன போடுகிறார்களோ அதைத்தான் சாப்பிட வேண்டும். நொறுக்குத் தீனி அப்படியில்லை. சொந்தக் காசு, சொந்த ஆசை, நினைத்த நேரம். வாழ்க்கை முழுவதும் உத்தரவுப்படி நடக்கும் ஒரு இடத்தில், இன்றைக்கு வேர்க்கடலையா சாக்லேட்டா என்று தானே முடிவு செய்வது சின்ன விஷயமில்லை. அந்தச் சின்ன சுதந்திரத்துக்குத்தான் இத்தனை செல்லப் பெயர்கள் என்பது என் எண்ணம்.

கடற்படையில் அதன் பெயர் கீடங்க். மிட்டாய், சாக்லேட், சிப்ஸ், ஐஸ்கிரீம், சோடா என்று சமையலறைக்கு வெளியே கிடைக்கும் எல்லாமே கீடங்க்தான். அவற்றை விற்கும் இடத்துக்கும் அதே பெயர். பெரிய போர்க்கப்பலுக்குள் ஒரு பெட்டிக்கடை இருப்பதாக நினைத்துப் பாருங்கள். மாதக்கணக்கில் கரையே தெரியாத பயணத்தில், இரவுக் காவல் முடித்து வந்த இருபது வயதுப் பையன் போய் நிற்கும் இடம் அது. கப்பல் கடையில் வரும் லாபத்தில் ஒரு பங்கு கப்பல் ஆட்களின் பொழுதுபோக்குக்கும் நலனுக்குமே திரும்பிப் போகும் என்பதால், அங்கே சிப்ஸ் வாங்குவதில் கொஞ்சம் பொதுத்தொண்டும் கலந்திருக்கிறது.

இந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்பதற்குப் பல விளக்கங்கள் சொல்கிறார்கள். இயந்திரத்தில் காசு போட்டால் சோடா பாட்டில் விழும் சத்தம் என்கிறார் ஒருவர். தோய்த்துச் சாப்பிடுவதைக் குறிக்கும் ஜெர்மன் சொல்லிலிருந்து வந்தது என்கிறார் இன்னொருவர். சோம்பிக் கிடக்கும் இடம் என்று பொருள்படும் சீனச் சொல் என்பாரும் உண்டு. எனக்கு நம்பும்படியாக இருப்பது நான்காவது விளக்கம். அமெரிக்கச் செய்தித்தாள்களில் 1919 முதல் கார்ல் எட் என்பவர் வரைந்த ஹரால்ட் டீன் என்ற சித்திரத் தொடர் வந்துகொண்டிருந்தது. அதன் நாயகன் ஒரு பள்ளிப் பையன். ஊர் சோடாக் கடையில் உட்கார்ந்து 'கீடங்க் சண்டே' என்ற ஐஸ்கிரீமைத் தின்பது அவன் வழக்கம். 1920-களில் அதைப் படித்து வளர்ந்த பையன்கள்தானே பிறகு கப்பலேறினார்கள்? வீட்டுப்பக்கத்து ஐஸ்கிரீம் கடையின் ஞாபகத்தைக் கப்பல் கடைக்குப் பெயராக வைத்திருப்பார்கள் என்பது இயல்பாகத்தான் படுகிறது.

கப்பலில் ஐஸ்கிரீமுக்கு ஏன் இவ்வளவு மரியாதை? அதற்குக் காரணம் மது. அமெரிக்கக் கடற்படை மாலுமிகளுக்கு அளந்து கொடுத்துவந்த சாராயத்தை 1862-லேயே நிறுத்திவிட்டார்கள். அதன் பிறகு, கடற்படைச் செயலர் ஜோசிஃபஸ் டேனியல்ஸ் போட்ட உத்தரவால் 1914 ஜூலை 1 முதல் அதிகாரிகளும் கப்பலில் குடிக்க முடியாமல் போனது. மனசைத் தேற்றிக்கொள்ள வேறு ஏதாவது வேண்டுமே. அந்த இடத்தில் காபியும் ஐஸ்கிரீமும் வந்து உட்கார்ந்தன.

இரண்டாம் உலகப்போரில் இந்தப் பிரியம் உச்சத்துக்குப் போனது. 1942 மே 8, ஜப்பானோடு நடந்த பவளக் கடல் போர். லெக்சிங்டன் என்ற விமானந்தாங்கிக் கப்பல் அடிபட்டு, உள்ளே தீ பரவி, இனிக் காப்பாற்ற முடியாது என்று ஆகிவிட்டது. கப்பலை விட்டு இறங்கச் சொல்லி உத்தரவு வரப்போகிறது. அந்த நேரத்தில் சிலர் குளிர்பதனப் பெட்டியைத் திறந்து, இருந்த ஐஸ்கிரீமையெல்லாம் எடுத்து, தலையில் இருந்த இரும்புத் தொப்பியைக் கிண்ணமாக்கி அள்ளித் தின்றுகொண்டே நின்றிருக்கிறார்கள். சாகப்போகும் கப்பலின் மேல்தளத்தில், கையில் தொப்பி நிறைய ஐஸ்கிரீமோடு தங்கள் முறைக்குக் காத்திருந்த அந்தப் பையன்களை நினைத்தால் எனக்குத் தொண்டை அடைக்கிறது.

பெரிய கப்பலில் ஐஸ்கிரீம் இயந்திரம் இருந்தது, சின்னக் கப்பலில் இல்லை. இதிலிருந்து ஒரு பண்டமாற்று பிறந்தது. விமானம் கடலில் விழுந்துவிட்டால் விமானியைத் தண்ணீரிலிருந்து எடுப்பது பெரும்பாலும் பக்கத்தில் வரும் நாசகாரிக் கப்பல். அவரை அவருடைய விமானந்தாங்கிக் கப்பலுக்குத் திருப்பி அனுப்ப நாசகாரிக் கப்பல்காரர்கள் ஒரு விலை கேட்பார்கள்: இத்தனை கேலன் ஐஸ்கிரீம். கயிறு கட்டி விமானி ஒரு பக்கம் போனால், மறுபக்கத்திலிருந்து ஐஸ்கிரீம் வரும். ஒரே படைக்குள்ளேயே வசதி உள்ளவன், இல்லாதவன் என்ற கோடு எங்கே ஓடியது என்பதை இது காட்டிக்கொடுக்கிறது.

அந்தக் கோட்டை அழிக்கக் கடற்படை செய்த வேலை இன்னும் ஆச்சரியம். 1945-ல் ஒரு கான்கிரீட் மிதவையை எடுத்து, சுமார் 10 லட்சம் டாலர் செலவழித்து, அதை ஐஸ்கிரீம் தொழிற்சாலையாக்கினார்கள். அதற்குச் சொந்தமாக எஞ்சின் கிடையாது. இழுவைப் படகு கட்டி இழுத்துக்கொண்டு போக வேண்டும். 7 நிமிடத்துக்கு 10 கேலன், அதாவது சுமார் 38 லிட்டர் ஐஸ்கிரீம் அதில் தயாரானது. மேற்குப் பசிபிக்கில், இயந்திரம் இல்லாத சின்னக் கப்பல்களுக்காகவே அது வேலை செய்தது.

கீடங்க் கடை வரிசை பற்றிக் கடற்படையில் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்படும் ஒரு கதையும் உண்டு. புதிதாக வந்த இரண்டு இளம் அதிகாரிகள், வரிசையில் நின்ற மாலுமிகளைத் தாண்டி முன்னால் போய் நின்றார்களாம். பின்னாலிருந்து ஒரு அதட்டல். யார் என்று திரும்பிப் பார்த்தால் அட்மிரல் ஹால்ஸி. பெரிய போர்க்கப்பல் அணி ஒன்றுக்கே தலைவர், மாலுமிகளோடு மாலுமியாக ஐஸ்கிரீமுக்கு வரிசையில் நின்றுகொண்டிருந்தார். கதைக்குக் கால் முளைத்திருக்கலாம். ஆனால் மாலுமிகள் அதை விரும்பிச் சொல்லும் காரணம் தெளிவு: சாப்பாட்டுக் கூடத்தில் அதிகாரிக்குத் தனி இடம், கீடங்க் வரிசையில் எல்லோரும் ஒன்று.

இப்போது கரைக்கு இறங்குவோம். மரைன்கள் இதே தின்பண்டத்துக்கு வைத்த பெயர் போகி பெய்ட். நம் போகிப் பண்டிகைக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 'பெய்ட்' என்றால் தூண்டில் இரை. 'போகி' அல்லது 'போக்' என்பது முன்வரிசைக்குப் போகாமல் பின்னால் அலுவலகத்தில் உட்கார்ந்திருப்பவரைக் குறிக்கும் ஏளனச் சொல்லாகப் புழங்குகிறது. ஆக, போகி பெய்ட் என்றால் சொகுசுக்காரர்களைப் பிடிக்கப் போடும் இரை. சொல்லிலேயே குத்தல் இருக்கிறது பாருங்கள். மாலுமி சொல்லும் கீடங்க் என்பதில் குற்ற உணர்ச்சியே கிடையாது. அது ஐஸ்கிரீம் கடை. மரைன் சொல்லும்போது, தின்பதற்கு ஆசையும் இருக்கிறது, தின்பவன் மென்மையானவன் என்ற கேலியும் இருக்கிறது. மரைன்களும் மிட்டாய்க்கு அலைபவர்கள்தான். மரைன்களின் ஆறாவது படைப்பிரிவுக்கு 'போகி பெய்ட் ஆறு' என்றே பட்டப்பெயர் உண்டு. சீனாவுக்குக் கப்பலில் போகும்போது சோப்பை விட மிட்டாயைத்தான் அதிகம் வாங்கினார்கள் என்று மற்ற மரைன்கள் சொல்லிச் சொல்லியே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது.

கப்பலில் ஏறும் மரைன் கீடங்க் என்ற சொல்லையும் சேர்த்துக் கற்றுக்கொள்கிறார் என்பதால் அவர் வாயில் இரண்டும் வரும். போகி பெய்ட் தரைப்படையிலும் பரவியிருக்கிறது. அங்கே 'லிக்கீஸ் அண்ட் ச்சூவீஸ்' என்றும் சொல்வார்கள்: நக்குவதும் மெல்லுவதும். விமானப்படையில் பண்டத்தைவிட அதை வாங்கி வைப்பவருக்குத்தான் பெயர் பிரபலம். போர் விமானப் பிரிவுகளில் புதிதாக வந்த லெஃப்டினென்ட் ஒருவர் தலையில் தீனி அலமாரியை நிரப்பி வைக்கும் பொறுப்பைக் கட்டுவார்கள். அவர்தான் 'ஸ்நாக்கோ'. ஒலியை மிஞ்சும் வேகத்தில் பறக்கப் பழகியிருந்தாலும், பாப்கார்ன் தீர்ந்துவிட்டால் அவர் பாடு திண்டாட்டம்.

கீடங்க் என்ற சொல் தின்பண்டத்தைத் தாண்டியும் போயிருக்கிறது. 1953-ல் உருவான தேசியப் பாதுகாப்புச் சேவைப் பதக்கம் என்று ஒன்று உண்டு. அறிவிக்கப்பட்ட காலத்தில் படையில் இருந்தாலே போதும், பெரும்பாலும் எல்லோருக்கும் கிடைத்துவிடும். தனியாகச் சாகசம் எதுவும் செய்ய வேண்டியதில்லை. மாலுமிகள் அதைக் 'கீடங்க் பதக்கம்' என்றார்கள். மிட்டாய் வாங்குவது போலச் சுலபமாகக் கிடைப்பது என்று அர்த்தம். மரைன்களின் 'போகி பெய்ட்' போல இங்கேயும் தின்பண்டம்தான் அளவுகோல்: எது கஷ்டப்பட்டு வந்தது, எது சும்மா வந்தது.

அமெரிக்கப் படைகளின் போட்டிக்குச் சாவி இங்கேதான் இருக்கிறது. யார் அதிகம் கஷ்டப்படுகிறார்கள் என்பதில்தான் அவர்கள் சண்டையே. 'உனக்கு மெத்தை உண்டு, எனக்குச் சேறு' என்பது மரைன் மாலுமியிடம் சொல்வது. அதையே தரைப்படைக்காரர் விமானப்படைக்காரரிடம் சொல்வார். விமானப்படைக்கு ஆங்கிலத்தில் 'ஏர் ஃபோர்ஸ்' என்று பெயர். மற்றவர்கள் அதைச் 'சேர் ஃபோர்ஸ்', அதாவது நாற்காலிப் படை என்பார்கள். மாலுமிக்குப் பட்டப்பெயர் 'ஸ்க்விட்', கணவாய் மீன். மரைனுக்கு 'ஜார்ஹெட்', ஜாடித்தலை. கடற்படைக்காரர்கள் மரைன்களிடம், "நீங்கள் எங்கள் துறையில் ஒரு பிரிவுதானே" என்று சீண்டினால், "ஆமாம், ஆண்கள் பிரிவு" என்று பதில் வரும். துணிக்கடைப் பலகையிலிருந்து எடுத்த இந்தப் பதில் பழையது. மரைன்களில் இன்று பெண்களும் இருக்கிறார்கள் என்றாலும் சொல் நிலைத்துவிட்டது.

அண்மைக்காலக் கேலி ஒன்று உண்டு: மரைன்களுக்கு மூளை கம்மி, அவர்கள் கிரேயான் தின்பார்கள் என்று மற்ற படைகள் கிண்டல் செய்யும். மரைன்கள் கோபப்படாமல் அதைத் தங்களுடையதாக்கிக்கொண்டார்கள். எந்த நிறம் ருசி என்று அவர்களே பேச ஆரம்பித்தார்கள். முன்னாள் மரைன் ஒருவர் சாக்லேட்டில் உண்மையாகவே தின்னக்கூடிய கிரேயான்களைச் செய்து விற்கவும் தொடங்கினார். வசவையே போகி பெய்ட்டாக்கிவிட்டார். எனக்கு இதில் மிகவும் பிடித்தது அந்தப் பெருந்தன்மைதான்.

கேலி இப்படி வாயில் இருக்கும்வரை நல்லதுதான். அதற்கென்றே ஒரு மைதானமும் உண்டு. தரைப்படை அதிகாரிகளை உருவாக்கும் வெஸ்ட் பாயின்டும் கடற்படை அதிகாரிகளை உருவாக்கும் அனாபொலிஸும் 1890 முதல் அமெரிக்கக் கால்பந்து ஆடுகின்றன. முதல் ஆட்டத்தில் கடற்படை 24–0 என்று ஜெயித்தது. கடற்படையின் சின்னம் ஒரு ஆடு. அதை எதிரணி மாணவர்கள் திருடிக்கொண்டு போன கதைகள் ஏராளம். ஆனால் ஆட்டம் முடிந்ததும் நடப்பதைத்தான் கவனிக்க வேண்டும். இரு அணிகளும் முதலில் தோற்றவர்களின் மாணவர் கூட்டத்துக்கு முன் போய், தோற்றவர்களின் கல்லூரிப் பாட்டுக்குச் சேர்ந்து நிற்கும். அப்புறம் ஜெயித்தவர்கள் பக்கம் போய் அவர்கள் பாட்டு. அதனால்தான் அங்கே 'ஜெயிக்க வேண்டும்' என்பதை 'இரண்டாவதாகப் பாட வேண்டும்' என்று சொல்வார்கள். இதுவும் ஒரு குழூஉக்குறி.

காசு என்று வரும்போது நிலைமை மாறிவிடும். 1949 ஏப்ரலில், கட்ட ஆரம்பித்திருந்த பெரிய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றைப் பாதுகாப்புச் செயலர் லூயிஸ் ஜான்சன் ரத்து செய்தார். பணம் விமானப்படையின் குண்டுவீச்சு விமானங்களுக்குப் போகிறது என்று கடற்படை கொதித்தது. 'அட்மிரல்களின் கலகம்' என்றே அதற்குப் பெயர் வந்துவிட்டது. ஜப்பானில் இது இன்னும் முற்றிப்போயிருந்தது: இரண்டாம் உலகப்போரில் ஜப்பானியத் தரைப்படை கடற்படையை நம்பாமல் தனக்கென்று சரக்கு நீர்மூழ்கிக் கப்பல்களையே கட்டிக்கொண்டது. இந்த அளவுக்குப் போவதைப் போட்டி என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஆள் பலி கேட்கும் பகை அது.

மிட்டாய்க்கே திரும்பிவிடுகிறேன். தின்பண்டம் மென்மையானவர்களுக்கு என்ற மரைன் எண்ணம் கொரியப் போர்வரை வந்தது. மரைன்களில் பெயர்பெற்ற அதிகாரி செஸ்டி புல்லர், சண்டை போடுகிறவனுக்கு பீரும் விஸ்கியும் கொடுங்கள், ஐஸ்கிரீம் எதற்கு என்று பேசியதாகச் செய்தி வந்தது. அதற்குப் பதிலாகத் தலைமையகம், கொரியாவில் உள்ள படைகளுக்கு வாரம் மூன்று முறை ஐஸ்கிரீம் உண்டு என்று அறிவித்தது. மரைன்களே பசிபிக்கில் ஐஸ்கிரீமுக்குப் பட்ட பாடு தெரிந்தவர்களுக்கு புல்லரின் பேச்சு எடுபட்டிருக்காது. 1944-ல் பெலேலியு தீவில் இருந்த மரைன் விமானிகள், கோர்சேர் விமானத்தின் இறக்கைக்கு அடியில் டப்பாக்களில் பாலும் கோகோவும் ஊற்றிக் கட்டிக்கொண்டு 30,000 அடிக்கு மேல் ஏறிக் குளிரவைத்து இறங்குவார்கள். முதலில் கட்டி கட்டியாக வந்தது. பிறகு காற்றில் சுழலும் சின்ன விசிறி ஒன்றை டப்பாவில் பொருத்தி, பறக்கும்போதே கலக்கும்படி செய்து பதம் கண்டுபிடித்தார்கள்.

1950 நவம்பர் கடைசி. அதே புல்லரும் அவருடைய மரைன்களும் வடகொரியாவில் சோசின் நீர்த்தேக்கத்தருகே சீனப் படைகளால் சூழப்பட்டுவிட்டார்கள். குளிர் மைனஸ் 30 டிகிரி செல்சியஸையும் தாண்டியது. டப்பா உணவு கல்லாக உறைந்து, சூடுபடுத்த நேரமில்லாமல், அப்படியே தின்றவர்களுக்கு வயிறு கெட்டது. பீரங்கிக் குண்டுகள் தீர்ந்துகொண்டிருந்தன. மோர்ட்டார் என்ற சிறு பீரங்கியின் குண்டுக்கு அவர்கள் வானொலியில் வைத்திருந்த மறைபெயர் 'டூட்ஸி ரோல்'. அது சாக்லேட் சுவையுள்ள மெல்லும் மிட்டாய் ஒன்றின் பெயர். மறைபெயர் தெரியாத யாரோ ஒருவர் கோரிக்கையை அப்படியே எடுத்துக்கொள்ள, குண்டுக்குப் பதில் பாராசூட்டில் பெட்டி பெட்டியாக மிட்டாய் இறங்கியது என்று அங்கே இருந்தவர்கள் சொல்வார்கள்.

அந்த மிட்டாயை அக்குளிலோ வாயிலோ வைத்தால் இளகும். அதனால் அதைச் சாப்பிட முடிந்தது. மென்று பிசின் போல ஆனதும், குண்டு துளைத்த எரிபொருள் குழாயிலும் வண்டியின் ரேடியேட்டரிலும் அப்பிவிடுவார்கள். அந்தக் குளிரில் இறுகி ஓட்டையை அடைத்துக்கொள்ளும். டிசம்பரில் அவர்கள் கடற்கரைக்கு இறங்கி வந்தார்கள். வழியில் தகர்க்கப்பட்டிருந்த பாலத்துக்கு மாற்றாக, பாலத் துண்டுகளையே பாராசூட்டில் போட்டவை விமானப்படையின் சி-119 விமானங்கள். நாற்காலிப் படை என்று கிண்டல் செய்யப்படும் அதே விமானப்படை. கரையில் அவர்களை ஏற்றிக்கொண்டவை கடற்படைக் கப்பல்கள். சோசினில் பிழைத்தவர்கள் பல வருடங்கள் கழித்துக் கூடியபோதும் மேஜைமேல் டூட்ஸி ரோல் வைக்கப்பட்டிருந்தது.